தண்ணியில ஓடற கம்ப்யூட்டர், கிழடு தட்டாத சாஃப்ட்வேர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஓரமா ஒரு பெட்டியில "வினோதமான கம்ப்யூட்டர், ரொம்ப நாள் உழைக்கற சாஃப்ட்வேர் பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு போட்டிருந்தோம், நாலஞ்சு வரும்னு பாத்தா மெயில் குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் இடம் இல்ல. நான் இதை ஆசைக்குப் பண்ற ஆளு, வாத்தியார் இல்ல, அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: சார், வினோத கம்ப்யூட்டர்னா பழைய கேம் மெஷின் சேக்கறதா? எதை வெச்சு வினோதம்னு சொல்றீங்க?

பதில்: கேம் மெஷினும் ரெண்டு மூணு வெச்சிருக்கேன், இல்லன்னு சொல்லல. ஆனா பழசா இருந்தா மட்டும் நான் வினோதக் கணக்குல சேக்கறதில்ல. இப்ப நம்ம மேசையில இருக்கறது, பாக்கெட்ல இருக்கறது, எங்கயோ சர்வர் ரூம்ல இருக்கறது எல்லாமே ஒரே குடும்பம் தான், 0, 1, மின்சாரம், டிக் டிக்னு அடிக்கற ஒரு கிளாக், கொஞ்சம் மெமரி. இதுல ஏதாவது ஒண்ணைத் தூக்கிட்டும் கணக்கு சரியா வருதுன்னா அதான் எனக்கு வினோதம்.

1936ல சோவியத் யூனியன்ல விளாடிமிர் லுக்யானோவ்னு ஒரு எஞ்சினியர் தண்ணியில ஓடற கம்ப்யூட்டர் செஞ்சார். கான்கிரீட் இறுகும்போது உள்ளுக்குள்ள சூடேறி விரிசல் விடுதே, அந்தச் சூடு எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிக்க டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் போடணும், கையால போட்டா உயிர் போயிடும், இவர் என்ன பண்ணார்னா குழாய்ல நிக்கற தண்ணி மட்டத்தையே வெப்பநிலையா வெச்சுக்கிட்டார், குழாய்ங்களுக்கு நடுவுல தண்ணி எவ்ளோ கஷ்டப்பட்டுப் போகுதோ அதான் வெப்பத்துக்கான தடை, அப்புறம் தண்ணியைத் திறந்து விட்டுட்டு மட்டம் எங்க வந்து நிக்குதுன்னு பாத்து எழுதிக்க வேண்டியது தான். இந்த வகை மெஷின் அங்க 1980கள் வரைக்கும் வேலை செஞ்சிருக்கு. டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆனப்புறமும்!

1949ல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல பில் ஃபிலிப்ஸ்னு நியூசிலாந்துக்காரர் இதே தண்ணியை வெச்சு ஒரு நாட்டோட பொருளாதாரத்தையே ஓட்டிக் காட்டினார், மோனியாக்னு பேரு. வரி ஒரு குழாய், சேமிப்பு ஒரு தொட்டி, வால்வைத் திருகினா வருமானம் ஏறுதா இறங்குதான்னு கண்ணால பாக்கலாம். இதுல அச்சு அசலான விடை கிடைக்காது தான், ஆனா எது எதைத் தள்ளுதுன்னு ஒரு பார்வையில புரியும், ஸ்ப்ரெட்ஷீட் எவ்ளோ நேரம் பாத்தாலும் அது புரியாது.

கேள்வி: கம்ப்யூட்டர்னா 0, 1 தானே அண்ணா? மூணு இலக்கத்துல ஓடற கம்ப்யூட்டர் இருந்துச்சுன்னு ஃப்ரெண்ட் சொல்றான், பெட் கட்டியிருக்கேன்.

பதில்: பெட்ல தோத்துட்டீங்க தம்பி. பேரு செடூன், 1958, மாஸ்கோ ஸ்டேட் யூனிவர்சிட்டி, நிகொலாய் புருசென்ட்சோவ் டீம் செஞ்சது. கிட்டத்தட்ட 50 மெஷின் தயாரிச்சாங்க.

இதுல 0, 1, 2 கிடையாது, கழித்தல் 1, 0, கூட்டல் 1. இதான் அழகு. 5ங்கற நம்பரை எப்படி எழுதுவீங்கன்னா, 9ல இருந்து 3 கழிச்சு இன்னும் 1 கழிச்சா 5, அப்போ கூட்டல், கழித்தல், கழித்தல். சரி, மைனஸ் 5 வேணும்? எல்லாக் குறியையும் தலைகீழா மாத்துங்க, கழித்தல், கூட்டல், கூட்டல், முடிஞ்சது. நம்ம கம்ப்யூட்டர்ல மைனஸ் நம்பருக்குன்னு ஒரு பிட் ஒதுக்கி, டூஸ் காம்ப்ளிமென்ட்னு ஒரு சுத்து சுத்தி வர்றோமே, அந்தத் தலைவலியே இதுல இல்ல. பின்னத்தை ரவுண்ட் பண்ணணும்னா வால் பகுதியை வெட்டிட்டாலே போதும், தானா சரியா ரவுண்ட் ஆகும்.

அப்புறம் ஏன் ஜெயிக்கலன்னு கேப்பீங்க. அந்த மூணு நிலையை வெச்சுக்க ரெண்டு காந்த வளையம் தேவைப்பட்டுச்சு, ரெண்டு வளையம் இருந்தா சாதாரணமா நாலு நிலை வெச்சுக்கலாம், ஆக ஒரு நிலை வீணாப் போச்சு. கணிதம் அழகா இருந்தும் கையில கிடைச்ச பொருள் ரெண்டு நிலைப் பொருளா இருந்துச்சு, அவ்ளோதான் கதை. ஃப்ரெண்டுக்குப் பணத்தைக் குடுத்துருங்க.

கேள்வி: மெதுவான கம்ப்யூட்டரால ஏதாவது நல்லது உண்டா?

பதில்: உண்டு. ஹார்வெல் டெகட்ரான்னு இங்கிலாந்துல 1951ல ஓட ஆரம்பிச்ச மெஷின், பத்து நிலை வெச்சிருக்கற மின்னுற குழாய்ங்களால ஆனது, ஒரு பெருக்கலுக்கு அஞ்சு பத்து செகண்ட் எடுக்கும். மேசை கால்குலேட்டரை வெச்சுக்கிட்டு ஒருத்தர் போட்டிக்கு உக்காந்து கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஈடு குடுத்துட்டு, முடியலடா சாமின்னு எழுந்து போயிட்டாராம், மெஷின் பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சாம். ராத்திரி, லீவு நாள்னு ஆளே இல்லாம தனியா விட்டாலும் தப்பு பண்ணாது, அதுக்குத் தான் அதை வெச்சிருந்தாங்க. 2012ல சரிபண்ணி பிளெச்லி பார்க்ல இருக்கற மியூசியத்துல மறுபடி ஓட விட்டாங்க. குழாய்ல எந்தப் புள்ளி எரியுதுன்னு பாத்து அதோட மெமரியை வெறும் கண்ணால படிக்கலாம். இந்தக் காலத்து மெஷின்ல அது நடக்குமா சொல்லுங்க.

கேள்வி: வணக்கம். சில வருஷம் முன்னாடி காசு குடுத்து வாங்கின போட்டோ புரோகிராம் இப்போ ஓட மாட்டேங்குது. ஆனா பேங்க்ல எல்லாம் 1960கள்ல எழுதின புரோகிராம் இன்னும் ஓடுதுன்னு சொல்றாங்க. இது எப்படி நியாயம்?

பதில்: நியாயம் இல்ல தான். காரணம் மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

புரோகிராம் தானா கெட்டுப்போறதில்ல. அதோட பைட்டெல்லாம் வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே தான் இருக்கு. அது நிக்கற தரை தான் நகந்து போகுது. உங்க போட்டோ புரோகிராம் எது எதை நம்பி நிக்குதுன்னு பாருங்க, ஆபரேட்டிங் சிஸ்டம், அதோட கிராஃபிக்ஸ் லைப்ரரி, அந்தக் கம்பெனியோட லைசென்ஸ் சர்வர், இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கான சர்டிஃபிகேட், இதுல ஒண்ணு கழண்டாலும் போச்சு. வாடகை வீட்டு மேல நம்ம காசுல மாடி கட்டின மாதிரி. 64 பிட் விண்டோஸ் வந்தப்போ 16 பிட் புரோகிராம் மொத்தமும் ஓடறது நின்னுச்சு, அது எதுவும் கெட்டுப்போகல, தரையை எடுத்துட்டாங்க. 2016ல ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டு, வெறும் 11 வரி, எழுத்துக்கு இடது பக்கம் ஸ்பேஸ் நிரப்பற வேலை, அதை எழுதினவர் கோவத்துல பொதுக் கிடங்குல இருந்து எடுத்துட்டார், உலகம் பூரா எத்தனையோ பேரோட பில்ட், அதாவது கோடைச் சேத்து புரோகிராம் ஆக்கற வேலை, உடைஞ்சு போச்சு, அதுல பாதிப் பேருக்கு அப்படி ஒரு துண்டை நம்பித் தான் நம்ம புரோகிராம் நிக்குதுன்னே தெரியாது.

இப்போ பேங்க் பக்கம் வாங்க. 1964 ஏப்ரல்ல ஐபிஎம் சிஸ்டம் 360 வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியா புரோகிராம் எழுதணும், புது மெஷின் வாங்கினா பழசைக் கடாசிட்டு மறுபடி எழுதணும். இவங்க முதல்ல மெஷினைச் செய்யல, ஒரு காகிதத்துல "இந்த ஆர்டர் குடுத்தா இது நடக்கணும்"னு விதியை எழுதினாங்க, அப்புறம் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு சின்னது பெருசுன்னு ஒரு குடும்பமே செஞ்சாங்க. உள்ள எப்படி வேணா செஞ்சுக்கோ, வெளிய நடத்தை மாறக்கூடாது. இன்னிக்கு அவங்க விக்கற மெயின்ஃப்ரேம் (பேங்க்ல எல்லாம் ஓடற பெரிய கம்ப்யூட்டர்) வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாத்தறாங்க.

இதை விட எனக்குப் பிடிச்சது அவங்களோட ஏஎஸ் 400, 1988. இதுல புரோகிராம் நேரா ப்ராசஸருக்காக எழுதப்படறதே இல்ல, கற்பனையான ஒரு மெஷினுக்குத் தான் எழுதப்படும், நிஜ ப்ராசஸருக்கு ஏத்த மாதிரி சிஸ்டமே மாத்திக்கும். 1995ல ப்ராசஸரையே 48 பிட் அட்ரஸ் வெச்சிருந்த பழைய டிசைன்ல இருந்து 64 பிட் பவர்பிசிக்கு மாத்தினாங்க, அந்த கற்பனை மெஷினுக்கான வடிவத்தை அழிக்காம வெச்சிருந்தவங்களோட புரோகிராம் எல்லாம் சிஸ்டமே புதுசா மொழிபெயர்த்துக்கிச்சு, சோர்ஸ் கோட் எங்கன்னு தேட வேண்டிய அவசியமே வரல. இடத்தை மிச்சம் பண்றேன்னு அதை அழிச்சவங்க தான் மாட்டிக்கிட்டாங்க.

உங்க போட்டோ புரோகிராமுக்கு: பழைய விண்டோஸை ஒரு விர்ச்சுவல் மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ள ஓடற கற்பனை கம்ப்யூட்டர்) போட்டு, நெட் கனெக்‌ஷன் குடுக்காம ஓட்டிப் பாருங்க. லைசென்ஸ் சர்வர் கேக்கற வகைன்னா அந்தக் கதை அங்கயே முடிஞ்சது.

கேள்வி: ரொம்ப நாளா ஓடற சாஃப்ட்வேர் எது?

பதில்: இதுக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. என் ஓட்டு நாசாவோட வாயேஜர் விண்கலத்துக்கு. 1977ல கிளம்பினது. 2023 நவம்பர்ல வாயேஜர் 1 உளற ஆரம்பிச்சுது, சிக்னல் வருது, ஆனா உள்ள விஷயம் இல்ல. டேட்டாவைக் கட்டி அனுப்பற கம்ப்யூட்டர்ல ஒரு மெமரி சிப் போயிருச்சு, கிட்டத்தட்ட 3 சதவீத மெமரி காலி. அங்க இருந்த கோடை வேற இடத்துல வெக்கலாம்னா மொத்தமா வெக்கற அளவுக்கு ஒரே இடமா எங்கயும் காலி இல்ல, அதனால துண்டு துண்டா வெட்டி வேற வேற மூலையில சொருகி, எந்தத் துண்டு எந்தத் துண்டைக் கூப்பிடுதோ அந்த அட்ரஸ் எல்லாத்தையும் மாத்தி, 2024 ஏப்ரல்ல அனுப்பினாங்க. போக இருபத்திரெண்டரை மணி நேரம், பதில் வர அதே நேரம். வேலை செஞ்சுது. அந்தக் கோட் சின்னதா இருந்ததால தான் ஒரு டீம் உக்காந்து ஒவ்வொரு வரியும் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்க முடிஞ்சுது, அதுவும் எழுதினவங்க பல பேர் இப்போ இல்லாத நிலைமையில.

கேள்வி: அப்டேட் வரலன்னா அந்த சாஃப்ட்வேர் செத்துப்போச்சுன்னு தானே அர்த்தம்?

பதில்: புத்தகப் பக்கத்தை அச்சுக்கு வடிவமைக்கற டெக் சாஃப்ட்வேரை எழுதின டொனால்ட் நூத்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. ஒவ்வொரு தடவை பிழை திருத்தும்போதும் வெர்ஷன் நம்பர் பை மதிப்புக்கு ஒரு இலக்கம் கிட்ட போகும், 2021ல 3.141592653. பல வருஷத்துக்கு ஒரு தடவை தான் திறந்தே பாக்கறார். அவர் காலத்துக்கு அப்புறம் வெர்ஷன் பைன்னே நின்னுடும், மிச்சம் இருக்கற பிழையெல்லாம் இனி பிழை இல்ல, குணம்னு வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டார். 1980கள்ல எழுதின டெக் ஃபைலை இன்னிக்கு ஓட்டினாலும் அதே இடத்துல தான் வரி உடையும்.

கேள்வி: நான் காலேஜ் படிக்கறேன். நான் எழுதற ஒரு சின்ன புரோகிராமாவது 30 வருஷம் ஓடணும்னு ஆசை. எந்த லாங்குவேஜ்ல எழுதணும் சார்?

பதில்: லாங்குவேஜ் ரெண்டாவது கேள்வி தாயி. முதல் கேள்வி, நீ எழுதறதுக்கு அடியில என்ன என்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுத முடியுமா? எழுதினா பக்கம் நிரம்பி வழியுதுன்னா எந்த லாங்குவேஜும் காப்பாத்தாது.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ரொம்பப் பேர் நிக்கற தரையில நிக்கறது. சி லாங்குவேஜ்ல, ஸ்டாண்டர்ட் லைப்ரரியை மட்டும் நம்பி, வேற யாரோட கோட் வேணும்னாலும் அதை இறக்கி உன் ஃபோல்டருக்குள்ளயே வெச்சுக்கிட்டு எழுதினா, உலகத்துக்கே சி கம்பைலர் (கோடை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற புரோகிராம்) இல்லாமப் போனா தான் உன் புரோகிராம் போகும். டேட்டாவுக்கு வெறும் டெக்ஸ்ட் ஃபைல், இல்லன்னா எஸ்க்யூலைட்னு ஒரு குட்டி டேட்டாபேஸ், அவங்க 2050 வரைக்கும் ஆதரவு குடுப்போம்னு எழுதியே வெச்சிருக்காங்க.

ரெண்டாவது வழி, எனக்கு நெருக்கமானது, தரையையும் நீயே கொண்டு போறது. 1979ல இன்ஃபோகாம்னு ஒரு கம்பெனி, எழுத்தாலயே ஆடற சாகச கேம் செஞ்சவங்க. அப்போ ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி, ஒண்ணுல எழுதினது இன்னொண்ணுல ஓடாது. இவங்க இஸட் மெஷின்னு ஒரு கற்பனை மெஷினை வகுத்து கேம் எல்லாத்தையும் அதுக்கு எழுதினாங்க, புது கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தா அந்த கற்பனை மெஷினை நடிச்சுக் காட்டற ஒரு சின்ன புரோகிராம் எழுதினா போதும், அத்தனை கேமும் ஒரே நாள்ல அதுல ஓடும். கம்பெனி 1989ல மூடியாச்சு. ரசிகர்கள் அந்த கற்பனை மெஷினோட விதியைத் தோண்டி எடுத்து எழுதி வெச்சுட்டாங்க, இப்போ போன்லயும் ஓடுது.

இதே எண்ணத்தை இந்தக் காலத்துக்குச் செஞ்சது யுக்ஸன். ஹண்ட்ரட் ராபிட்ஸ்னு ரெண்டு பேர், பாய்மரப் படகுல வாழ்ந்தவங்க, சோலார்ல வர்ற கரண்ட், துறைமுகத்துல கிடைக்கற இத்துப்போன இன்டர்நெட், அதுல கிகாபைட் கணக்குல அப்டேட் எங்க இறக்கறது, புரோகிராம் எழுதற கருவியே அவங்களுக்கு எதிரியாப் போச்சு. அதனால 64 கேபி மெமரி, 32 அடிப்படை ஆர்டர், ரெண்டு ஸ்டாக் (எண்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற இடம்), இதான் மொத்த கம்ப்யூட்டர்னு வகுத்துக்கிட்டாங்க. அதை நடிச்சுக் காட்டற புரோகிராமை சுமாரா கோடிங் தெரிஞ்சவங்க ஒரு சனி ஞாயிறுல எழுதிடலாம், அதனால தான் கேம்பாய் அட்வான்ஸ்ல எல்லாம் அதைக் கொண்டு போயிட்டாங்க. டிராயிங், மியூசிக், எடிட்டர்னு அதுலயே செஞ்சு பொழப்பை ஓட்டறாங்க.

என்கிட்ட கேட்டா, ஒரு சாஃப்ட்வேரோட ஆயுசு என்னன்னு பாக்க அதுக்கு அடியில இருக்கற மெஷினோட விதிப் புத்தகம் எத்தனை பக்கம்னு பாப்பேன். ஒரு ஆள் படிச்சு முடிக்கற அளவு இருந்தா என்னிக்காவது யாராவது அதை மறுபடி செஞ்சுக்குவாங்க. பிரவுசரை அப்படி யாராலயும் செய்ய முடியாது, பெரிய கம்பெனிங்களே இப்போ ரெண்டு மூணு இன்ஜின்ல தான் வந்து நிக்கறாங்க. அதுக்காக பிரவுசர்ல ஓடறதை எழுதாதேன்னு சொல்லல, ஆனா 30 வருஷக் கணக்கை அதுல போடாதே. யுக்ஸன்ல எல்லாரும் சொல்ற குறையும் சொல்லிடறேன், ஒரு போட்டோவைத் திறந்து எடிட் பண்றது எல்லாம் 64 கேபில நடக்காது, உன் ஆசை அந்த அளவுக்குள்ள அடங்குதான்னு பாத்துக்கோ.

கேள்வி: பழைய சாஃப்ட்வேர் வெச்சிருந்தா ஹேக் பண்ணிட மாட்டாங்களா?

பதில்: நெட்ல மாட்டினா பண்ணுவாங்க. மாட்டாதீங்க. நெட்டோட பேசற சாஃப்ட்வேருக்கு நான் மேல சொன்னது எதுவும் பொருந்தாது, அதை அப்டேட் பண்ணிட்டே தான் இருக்கணும்.

கேள்வி: எங்க அப்பா 90கள்ல டைப் பண்ணின கதைங்க ஒரு டிஸ்க்ல இருந்துச்சு. எப்படியோ காப்பி எடுத்துட்டோம், திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா குப்பையா வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

பதில்: கெட்டுப்போகல, சந்தோஷப்படுங்க. அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணதா இருக்கும். அப்போ ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது, இங்கிலீஷ் எழுத்தோட எண் தான் இருக்கும், அந்த எண்ணுக்குத் தமிழ் வடிவத்தைக் காட்டறது ஃபான்ட்டோட வேலை. ஃபான்ட் போனா தமிழும் போச்சு. பாமினி, டிஸ்கி, டேப், டேம்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்கு வெச்சிருந்தாங்க, எல்லாத்துக்கும் யூனிகோடுக்கு மாத்தற கன்வெர்ட்டர் கிடைக்குது, ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, எதுல "அம்மா" ஒழுங்கா வருதோ அதான். ஒரிஜினல் ஃபைலை மட்டும் அழிச்சுடாதீங்க, கன்வெர்ட்டர் ஒற்றெழுத்துல அங்கங்க சொதப்பும், திரும்ப ஒப்பிட்டுப் பாக்க வேண்டி வரும்.

கேள்வி: முக்கியமானதை எல்லாம் சிடில போட்டு பத்திரமா பூட்டி வெச்சுட்டேன். போதும் தானே?

பதில்: 1086ல இங்கிலாந்துல நிலக் கணக்கு எடுத்து தோல்ல எழுதின டூம்ஸ்டே புக் இருக்கு, இன்னிக்கும் படிக்கலாம். அதோட 900ஆவது வருஷத்துக்கு 1986ல பிபிசி பத்து லட்சத்துக்கு மேல ஆளுங்களைச் சேத்து புது டூம்ஸ்டே ஒண்ணை லேசர்டிஸ்க்ல போட்டுச்சு, 2002 வாக்குல அதைப் படிக்கற மெஷினைத் தேடி அலைய வேண்டிய நிலைமை, எமுலேட்டர், அதாவது பழைய மெஷினை நடிச்சுக் காட்டற புரோகிராம், எழுதித் தான் மீட்டாங்க. டிஸ்க் பத்திரமா தான் இருந்துச்சு. பூட்டைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து, சில வருஷத்துக்கு ஒரு தடவை புது இடத்துக்கு மாத்துங்க.

கேள்வி: சும்மா அலமாரியில வெக்காம தினமும் யூஸ் பண்ற மாதிரி ஒரு வினோத மெஷின் சொல்லுங்க.

பதில்: டிஆர்எஸ் 80 மாடல் 100, 1983. எட்டு வரி, வரிக்கு 40 எழுத்து, நாலு ஏஏ பேட்டரியில 20 மணி நேரம், ஆன் பண்ணா அந்த நொடியே எழுதலாம். அந்தக் காலத்துல நிருபர்ங்க இதைத் தூக்கிட்டு தான் அலைஞ்சாங்க. கீபோர்டு அருமையா இருக்கும், ஸ்கிரீனுக்கு லைட் கிடையாதுங்கறது மட்டும் ராத்திரி எழுதறவங்களுக்கு கஷ்டம்.

மனசுல ஆசை இன்னும் தீராத ஒண்ணு கேனன் கேட், 1987. மேகின்டோஷ் ப்ராஜெக்டை முதல்ல ஆரம்பிச்ச ஜெஃப் ராஸ்கின் அங்க இருந்து வெளிய வந்து செஞ்சது. மவுஸ் இல்ல, ஐகான் இல்ல, ஃபைலே இல்ல, நீங்க எழுதினது மொத்தமும் ஒரே நீளச் சுருள், ஸ்பேஸ் பாருக்குக் கீழ ரெண்டு கீ இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு தேடற எழுத்தை அடிச்சா கர்சர் அங்க தாவிடும். வித்துட்டு இருக்கும்போதே கேனன் நிறுத்திருச்சு. அந்தத் தாவற வேகத்தை இப்போ இருக்கற எடிட்டர்ல நான் இன்னும் பாக்கல.

எதை வாங்கினாலும் முதல் வேலை, திறந்து உள்ள இருக்கற பேக்கப் பேட்டரியைப் பாருங்க. கசிஞ்சு போர்டுல இருக்கற செம்புக் கோட்டை அரிச்சிருக்கும், பழைய மெஷின் பாதி இதுலயே சாகுது.

கேள்வி: நாகரிகமே அழிஞ்சாலும் ஓடற ஓஎஸ் ஒண்ணு இருக்காமே, நம்பலாமா?

பதில்: கொலாப்ஸ் ஓஎஸ்ஸைச் சொல்றீங்க. குப்பையில இருந்து பொறுக்கின இஸட் 80 மாதிரி சிப்லயே ஓடணும், தன்னைத் தானே அடுத்த மெஷினுக்கு கம்பைல் பண்ணிக்கணும்ங்கறது அதோட திட்டம், அதுக்கு ஃபோர்த் லாங்குவேஜை எடுத்துக்கிட்டாங்க, சரியான தேர்வு, சில கேபில மொத்த சிஸ்டமும் அடங்கும். நாகரிகம் அழிஞ்சா நான் முதல்ல தேடறது குடிதண்ணியா இருக்கும், ஓஎஸ் இல்ல. ஆனா அழியாமலே அது பிரயோஜனமான பயிற்சி தான். 1976ல வந்த இஸட் 80யோட பழைய வகையை 2024ல தான் தயாரிக்கறதை நிறுத்தினாங்க, அதுவரைக்கும் வந்தது எத்தனை மெஷினுக்குள்ள கிடக்கும்னு யோசிங்க.

கேள்வி: எல்லாம் சரி, எங்க இருந்து ஆரம்பிக்கறது? எனக்கு கோடிங் கொஞ்சம் தெரியும், சாலிடரிங் தெரியாது.

பதில்: சாலிடரிங் வேண்டாம். சிப் 8க்கு எமுலேட்டர் எழுதுங்க. 1970கள்ல ஜோசஃப் வெய்ஸ்பெக்கர் வகுத்த கற்பனை மெஷின், 4 கேபி மெமரி, 16 ரெஜிஸ்டர் (கணக்குப் போடும்போது எண்ணை வெச்சுக்கற குட்டி இடம்), 64க்கு 32 புள்ளி ஸ்கிரீன், ஆர்டர் எல்லாம் சேத்து 35 தான். முதல்ல படம் வரையற ஆர்டரைப் போடுங்க, ஏன்னா அது வந்துட்டா ஸ்கிரீன்ல ஏதாவது தெரியும், தெம்பு வரும். புள்ளி மேல புள்ளி வரைஞ்சா அழியணும், அழிஞ்சா ஒரு ஃப்ளாக் 1 ஆகணும், கேம்ல மோதலைக் கண்டுபிடிக்கறதே அதை வெச்சு தான்.

ஒரு இடத்துல மட்டும் முடியைப் பிச்சுப்பீங்க, இப்பவே சொல்லிடறேன். பிட்டை நகத்தற ஆர்டர் முதல்ல வந்த மெஷின்ல ஒரு மாதிரியும், பின்னாடி வந்தவங்க எழுதினதுல வேற மாதிரியும் நடக்கும், ஒண்ணு ரெண்டாவது ரெஜிஸ்டரை எடுத்து நகத்தி முதலாவதுல வெக்கும், இன்னொண்ணு ரெண்டாவதைக் கண்டுக்கவே கண்டுக்காது. கேம் எழுதினவங்க தங்களோட மெஷின்ல எது ஓடுச்சோ அதை நம்பி எழுதிட்டாங்க, அதனால ரெண்டு பக்கமும் கேம் இருக்கு. எது சரின்னு சண்டை போடாம உங்க எமுலேட்டர்ல ஒரு சுவிட்ச் வெச்சுடுங்க, ஒரு நிலையில கேம் கோணல்மாணலா வந்தா தட்டி மாத்திப் பாருங்க.